பாதியில் அணைந்த திரை: நம் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

கடந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இரவு எட்டே கால் மணியளவில், கோயில் மண்டபத்தில் பதினேழு இளையோர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஓர் அறிவியல் புனைவுத் தொடர் பாதியில் நிறுத்தப்பட்டது. உங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் உள்ளே வந்து, புரொஜெக்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, விளக்கைப் போட்டு, "சாமி மண்டபத்திலேயே சாமி இல்லையென்று படம் காட்டுகிறீர்களா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து நிர்வாகத்தின் கடிதம் வந்தது. இனி இத்தகைய திரையிடல் மண்டபத்தில் நடைபெறக் கூடாது, வட்டுகளும் கருவிகளும் உள்ள அலமாரியின் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அதன் கீழே, கடவுள் மறுப்புக் கொள்கை உடைய குடும்பங்களின் பிள்ளைகளை மண்டப நடவடிக்கைகளில் சேர்ப்பதை நிர்வாகம் விரும்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் நான் நேரில் வந்து பேசியிருப்பேன். அதைப் படித்த பிறகு, ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதுதான் முறை என்று தோன்றியது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆயினும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த இளையோர் கூடும் சனிக்கிழமை மாலை வட்டத்தின் பொறுப்பாளர் நான். நான் கடவுளை நம்புகிறவள். நம் அம்மனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பால்குடம் எடுத்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், எண்ணெயில் கொழுப்பமிலம் எவ்வளவு இருக்கிறது என்று சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசலை விட்டு அளந்து எழுதிய வேலை என்னுடையது. குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் அந்த ஒரு சொட்டில் கை நிற்க வேண்டும். அங்கே வேண்டுதலுக்கு இடமில்லை. வேலை முடிந்து வரும் வழியில் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இந்த இரண்டும் எனக்குள் ஒருநாளும் சண்டையிட்டதில்லை என்று சொன்னால் அது பொய். அந்தச் சண்டையை நேர்மையாகப் பேசும் கதைகளை நான் தேடிப்போனதற்குக் காரணமே அதுதான். அவற்றை நான் கண்டது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய வட்டுகளில் இருந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில்.

அன்றிரவு நீங்கள் நிறுத்தியது ஸ்டார் டிரெக் வரிசையில் வந்த தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற தொடரில் 1989-இல் ஒளிபரப்பான ஒரு பகுதி. அதன் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தீர்ப்பு எழுதியவர்கள் அதைப் பார்க்கவில்லை. மின்டாக்கா என்ற கோளில், வெண்கலக் காலத்தை ஒத்த நிலையில் ஒரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. தெய்வங்களைப் பற்றிய பழைய நம்பிக்கையை அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே கைவிட்டவர்கள். அவர்களை மறைந்திருந்து ஆய்வு செய்யும் விஞ்ஞானிகளின் குகையில் விபத்து ஏற்படுகிறது. அதைக் கண்டு ஏறிவந்த லீக்கோ என்பவன் மின்தாக்குண்டு விழுகிறான். உயிர் போகும் நிலையில் இருந்தவனை மருத்துவர் விண்கலத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார். அரைமயக்கத்தில் கண் திறந்தவன் கப்பல் தலைவர் பிக்கார்டைக் காண்கிறான். ஊருக்குத் திரும்பியதும், தன்னைச் சாவிலிருந்து எழுப்பிய தெய்வம் அவர்தான் என்று சொல்கிறான். கைவிட்ட நம்பிக்கை ஒரே நாளில் திரும்புகிறது. இடி இடித்தால் தெய்வம் கோபப்பட்டுவிட்டது என்று அஞ்சி, பிடிபட்ட ஓர் அதிகாரியைக் கொன்றுவிடலாமா என்று விவாதிக்கும் நிலைக்கு அந்த மக்கள் வந்துவிடுகிறார்கள்.

மதம் எப்படியும் பிறந்துவிட்டது, அது கெட்டுப்போகாமல் இருக்க நீங்களே தெய்வமாக நின்று சில கட்டளைகளைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு விஞ்ஞானி பிக்கார்டிடம் சொல்கிறார். பிக்கார்ட் மறுக்கிறார். அந்த மறுப்பில், இவர்களை மூடநம்பிக்கையும் அறியாமையும் அச்சமும் நிறைந்த இருண்ட காலத்துக்கு நான் திருப்பி அனுப்பமாட்டேன் என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது. உங்கள் குழுவினர் வாசலில் நின்று கேட்டது இதைத்தான். உண்மையைச் சொல்கிறேன்: முதன்முறை கேட்டபோது எனக்கும் அது வலித்தது. நம்பிக்கை முழுவதையும் இருட்டு என்று ஒரே கோட்டில் அடிப்பது நியாயமில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குத் திரையிட்டேன்.

ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு நடப்பதைக் கேளுங்கள். அந்த மக்களின் தலைவியான நூரியாவைப் பிக்கார்ட் விண்கலத்துக்கு அழைத்துவருகிறார். சாளரத்தின் வழியே தன் உலகமே காலடியில் உருண்டு நிற்பதைப் பார்த்தும் அவள் மனம் மாறவில்லை. இவ்வளவு செய்பவரால் செத்தவர்களை எழுப்பவும் முடியும் என்றுதான் அவள் எண்ணுகிறாள். அப்போது, விபத்தில் சிக்கிய ஆய்வாளர் ஒருவர் மருத்துவ அறையில் சாகும் தறுவாயில் இருக்கிறார். பிக்கார்ட் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார். மருத்துவர்கள் போராடுகிறார்கள். அந்தப் பெண் இறந்துவிடுகிறார். தன் ஆட்களில் ஒருவரையே இவரால் காப்பாற்ற முடியவில்லை என்பதை நூரியா கண்ணால் காண்கிறாள். பிள்ளைகள் பதினேழு பேரும் அந்தக் காட்சியில் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்தார்கள். அடுத்து, வெள்ளத்தில் மனைவியைப் பறிகொடுத்த லீக்கோ, அவளை எழுப்பித் தரும்படி பிக்கார்டிடம் கெஞ்சி, அவர் தெய்வம்தான் என்று நிரூபிக்க வில்லை வளைக்கிறான். அம்பு நாணில் இருந்த நேரத்தில்தான் நம் மண்டபத்துச் சுவரிலிருந்து மின்கம்பி பிடுங்கப்பட்டது.

சாமியார் வேடத்தில் வந்தவர்களிடம் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பணத்தையும் நகையையும் இழந்திருக்கிறார்கள் என்று நிர்வாகத்தினருக்கே தெரியும். அப்படி வந்த ஒருவரை இதே மண்டபத்திலிருந்து வெளியேற்றியதும் நீங்கள்தான். ஒரு மனிதனைத் தெய்வமென்று கும்பிட வைக்கக் கூடாது என்பது அம்மன் கோயிலுக்கு எதிரான பேச்சு ஆகுமா? அந்தக் கதையில் தெய்வமாக நிற்க வாய்ப்பு இருந்தும் ஒருவர் வேண்டாமென்று மறுக்கிறார். அந்த மறுப்பை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்த்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தத் தொடர்களை எடுத்தவர்கள் நாத்திகர்கள் என்று உங்கள் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அது ஓரளவு சரியே. ஸ்டார் டிரெக்கை 1966-இல் தொடங்கிய ஜீன் ராடன்பெரி மத நம்பிக்கையைக் கைவிட்டு மனிதநேயக் கொள்கையைத் தழுவியவர். தம் கருத்தை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்த முதல் ஆண்டிலேயே வந்த ஒரு பகுதி, விண்கலத்தின் சிறு தேவாலயத்தில் நடக்கும் திருமணத்தோடு தொடங்கி, மணமகனைப் போரில் இழந்த மணப்பெண்ணைக் கப்பல் தலைவர் கெர்க் அதே தேவாலயத்தில் சந்திப்பதோடு முடிகிறது. 1967-இல் வந்த இன்னொரு பகுதியில், கிரேக்கர்களின் அப்பல்லோ தன்னை வணங்கச் சொல்லும்போது, மனிதருக்குப் பல தெய்வங்கள் தேவையில்லை, ஒன்றே போதும் என்று அதே கெர்க் சொல்கிறார். பல தெய்வங்களைக் கும்பிடும் நமக்கு அந்த வசனமும் குத்தத்தான் செய்யும். ஆனால் அதை நாத்திகம் என்று எவரும் சொல்ல முடியாது. ஒரே தொடருக்குள் இத்தனை குரல்கள் இருக்க, அதை ஒற்றைச் சொல்லால் முத்திரை குத்தி அலமாரியைப் பூட்டுவது எப்படிச் சரியாகும்?

அந்தத் தொடரின் வழியில் 1993-இல் தொடங்கி ஏழு பருவங்கள் வந்த டீப் ஸ்பேஸ் நைன் என்ற தொடரை எங்கள் வட்டத்தில் ஐந்து மாதங்கள் பார்த்தோம். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பஜோர் என்ற உலகத்து மக்களைக் கார்டாசியர்கள் ஐம்பது ஆண்டுகள் அடிமைப்படுத்திச் சுரங்கங்களிலும் முகாம்களிலும் உழைக்க வைத்தார்கள். அந்த மக்கள் தங்கள் தெய்வங்களைத் தீர்க்கதரிசிகள் என்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் பள்ளி நடத்தும் ஆசிரியை, விண்ணில் ஒரு சுரங்கப் பாதையில் வாழும் வேற்றுலக உயிர்கள் என்று அந்தத் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். ஒரு மதத்தலைவி வகுப்பறைக்கு வந்து அதை எதிர்க்கிறார். பிறகு, அந்தப் பாடத்தையே விட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சமாதானமும் பேசுகிறார். கடிதம் வந்த வாரத்தில் உங்கள் குழுவில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, நல்லெண்ணத்தோடுதான், "எதற்கம்மா வம்பு, பாட்டுப்போட்டி ஏதாவது நடத்துங்களேன்" என்று சொன்னபோது எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. கதையில் அந்தப் பள்ளிக்குக் குண்டு வைக்கப்படுகிறது. நான் உங்களை அந்த மதத்தலைவியோடு ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் அது அநியாயம். என்னை நிறுத்தியது அதே பகுதியில் வரும் வேறொரு உரையாடல்.

நிலையத்தின் தலைவர் சிஸ்கோ அந்த மதத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய மகன், அந்த மதத்தலைவி சொல்வதெல்லாம் முட்டாள்தனம் என்கிறான். அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதே என்று தந்தை தடுக்கிறார். ஐம்பது ஆண்டு அடிமை வாழ்வில் அந்த மக்களைப் பிழைக்க வைத்தது அவர்களுடைய நம்பிக்கை, அதைத் தவிர அவர்களுக்கு வேறு துணை இருக்கவில்லை என்று மகனுக்கு எடுத்துச் சொல்கிறார். நம்பாத ஒருவர், நம்புகிறவர்களுக்காகப் பேசுகிறார். இந்த இடத்தில் நான் வட்டை நிறுத்திவிட்டு, நம் கோயில் எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணிகளின் பிடியிலும் கப்பலேறி வந்தவர்கள், காட்டை அழித்துப் பால்மரம் நட்ட கையோடு, லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசையின் முனையில் ஒரு கல்லை நட்டு அம்மன் என்று கும்பிட்டதையும், அந்தக் கல்லின் முன்னால் மட்டும்தான் அவர்கள் அழவும் கேட்கவும் முடிந்தது என்பதையும் அன்றைக்குச் சொன்னேன். பத்தாண்டாக ஒவ்வொரு திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் கேட்டு மனத்தில் பதியாத தலபுராணம், பஜோர் மக்களின் கதையைக் கேட்ட பிறகு அவர்களுக்குப் பதிந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான்கு பையன்கள், யாரும் சொல்லாமலே, பழைய லயத்து அம்மன் மேடையில் வளர்ந்திருந்த புல்லை வெட்டிவிட்டு வந்தார்கள். நீங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் வட்டுகளில் அந்தத் தொடரும் இருக்கிறது.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். கடவுள் மறுப்புக் குடும்பங்களின் பிள்ளைகள் வேண்டாம் என்கிறீர்கள். என் வட்டத்தில் அப்படி ஒரே ஒரு பெண் இருக்கிறாள். படிவம் நான்கில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். கடிதம் ஊரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பரவிய அன்று மாலை அவள் என் வீட்டு வேலிக்கு வெளியே சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றுகொண்டு, "அத்தை, அந்த லெட்டர்ல சொல்லியிருக்கிறது என்னையா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, நூலகத்தில் எடுத்துத் தந்திருந்த புத்தகத்தை வேலிக்கு மேலாக நீட்டித் திருப்பிக் கொடுத்தாள். புத்தகத்துக்கும் தடை என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

அந்த வரி அவளை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய அளவுகோலின்படி நானும் இந்த மண்டபத்தில் கால் வைத்திருக்கக் கூடாதவள், ஏனென்றால் நான் ஒரு கடவுள் மறுப்பாளரின் மகள்.

என் தாத்தாவை 1943-இல் ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். தாத்தா திரும்பவில்லை. பாட்டி, அவர் வருவார் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மனுக்கு விளக்கேற்றினாள். வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் சாகும்வரை ஏற்றினாள். அவளுடைய மகனான என் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. அதே விளக்கின் முன்னால், பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வளர்ந்ததும் கும்பிடுவதை விட்டுவிட்டார். பெரியார் 1929-இல் மலாயாவுக்கு வந்துபோனதற்குப் பிறகு தோட்டங்களில் பரவிய சுயமரியாதைப் பேச்சு பின்னாளில் அவருக்குச் சொற்களைக் கொடுத்தது. ஆனால் காரணம் அந்தத் திரும்பாத ரயில்தான். ஒரே இழப்பு ஒரே வீட்டில் தாயை நம்பிக்கையிலும் மகனை மறுப்பிலும் கொண்டுபோய் நிறுத்தியது. இருவரும் ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டால் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்ததும் அப்பாதான்.

இந்த மண்டபம் 1974-இல் கட்டப்பட்டது. காலையில் பால் வெட்டி முடித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பால்வாளி தூக்கும் அதே காண்டாக் கம்பில் ஆற்று மணலைக் கட்டித் தூக்கி வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவருக்குத் தேநீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுப்பேன். அவருடைய வலது தோளில், கம்பு அழுத்தும் இடத்தில், எலுமிச்சம்பழ அளவில் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்தபோது, சாமிக்காகச் செய்யவில்லை, ஊர்ப் பிள்ளைகள் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று செய்தேன், என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவர் பெயர் அங்கே இல்லை. தீமிதித் திருவிழாவில் அவர் கும்பிடமாட்டார், விபூதி பூசமாட்டார். ஆனால் குழியின் முடிவில், பால் ஊற்றி வைத்த பள்ளத்தருகே நின்று, தள்ளாடி வருகிறவர்களைக் கை கொடுத்துத் தாங்கிக்கொள்வார். அவர் இறந்தபோது, சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். அன்றைய கோயில் தலைவர் வந்து, சடங்கில்லாத அந்தப் பாடைக்கு முதல் தோள் கொடுத்தார். அந்தத் தலைவர் அமர்ந்த நாற்காலியில்தான் இன்றைக்கு நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் வட்டத்தில் நான் முதன்முதலாகத் திரையிட்டது பாபிலோன் 5 என்ற தொடரின் 1994-ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றை. இரண்டரை இலட்சம் பேர் வாழும் ஒரு விண்வெளி நிலையத்தில், ஒவ்வோர் இனமும் தன் சமயச் சடங்கைப் பிறருக்குக் காட்டும் வாரம் அது. வேற்றுலகத்தார் தத்தம் சடங்குகளைக் காட்டி முடித்ததும், பூமியின் முறை வருகிறது. நிலையத்தின் தலைவர் சின்கிளேர் தூதர்களை ஓர் அறைக்கு அழைத்துவருகிறார். அங்கே மனிதர்கள் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகக் கைகாட்டி, இவர் கத்தோலிக்கர், இவர் முஸ்லிம், இவர் யூதர், இவர் இந்து என்று அறிமுகம் செய்துகொண்டே போகிறார். வரிசை முடியும் முன்பே காட்சி முடிந்துவிடுகிறது. அந்த வரிசையின் முதல் ஆள் ஒரு நாத்திகர். தொடரை உருவாக்கிய மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். நாத்திகரையும் மனிதகுலத்தின் நம்பிக்கைகளோடு சேர்த்து நிறுத்திய அவர், மற்றவர்களில் ஒருவரைக்கூட இழிவாகக் காட்டவில்லை.

இது வெள்ளைக்காரனின் தாராளம், நமக்குப் பழக்கமில்லாதது என்று சொல்வீர்களானால், மணிமேகலையின் இருபத்தேழாம் காதையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர் என ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை, கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்காத பூதவாதியிடமும் கேட்கிறாள். கேட்டுவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று அவனை மடக்குகிறாள். அவன் வாயைப் பொத்தவில்லை. அவன் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகுதான் அவளால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

கடிதத்தில் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடான இறைவன் மீது நம்பிக்கை வைத்தலையும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். தொடக்கப்பள்ளிச் சபைக்கூடலில் நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்தது அது. எனக்கு அதில் மாறுபாடு இல்லை. 1970-இல் வெளியான அதே பிரகடனத்தின் முகவுரையையும் படிக்க வேண்டுகிறேன். பலவகைப்பட்ட பண்பாட்டு மரபுகளைத் தாராள மனத்தோடு அணுகுவதும், நவீன அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சார்ந்த முற்போக்குச் சமுதாயத்தை உருவாக்குவதும் அங்கே நாட்டின் குறிக்கோள்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சின்னவர்கள், குழம்பிப் போவார்கள் என்று நீங்கள் அஞ்சுவதை நான் சிறுமைப்படுத்தவில்லை. எனக்கும் அந்த அச்சம் இருந்தது. பாபிலோன் 5 தொடரிலேயே, உடலைக் கத்தியால் கீறினால் உயிர் வெளியேறிவிடும் என்று நம்பும் பெற்றோர், நோயுற்ற மகனுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கும் கதை ஒன்று உண்டு. மருத்துவர் தடையை மீறிச் சிகிச்சை செய்து பையனைப் பிழைக்க வைக்கிறார். உயிர் நீங்கிய வெற்றுக்கூடு என்று நம்பி, பெற்றோரே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அழுதுகொண்டே, அன்போடே செய்கிறார்கள். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டு, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் காட்டினேன். முடிந்ததும் ஒரு பையன் பெற்றோர்மீது கொதித்தான். இன்னொருத்தி, மருத்துவரும் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லையே என்றாள். பத்தரை மணிவரை பேசினார்கள். அந்தப் பெண் அன்றைக்கு அம்மன் கோயில் கயிறு கட்டிய கையை நீட்டி நீட்டிப் பேசியதை நான் மறக்கமாட்டேன். கயிறு கட்டாத பெண்ணும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படிப் பேச அவர்களுக்கு வீட்டில் இடமில்லை, பள்ளியில் நேரமில்லை. தோட்டங்கள் மூடப்பட்டு, லயங்கள் காலியாகி, வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகவிருக்கும் இந்தப் பிள்ளைகள், தங்கள் நம்பிக்கையைப் பகிராதவர்களோடுதான் அங்கே ஓர் அறையில் தங்கி, ஒரே பேருந்தில் போய்வரப் போகிறார்கள்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக முன்வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலாக, கடவுள் மறுப்புக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிய அந்த வரியை நிர்வாகம் எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். திரையிடலைப் பற்றி நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. கடிதம் எந்தப் புலனக் குழுவில் பரவியதோ அதே குழுவில் திரும்பப் பெற்ற செய்தியும் வர வேண்டும். உங்களில் ஒருவராவது அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், மண்டபம் அவளுக்கும் உரியது என்று அவள் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

மாதம் இருமுறை சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தைப் பழையபடி எங்களுக்குத் திறந்துவிட வேண்டும். பூசை, திருமணம், கருமக்கிரியை போன்றவை இருக்கும் நாள்களில் நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டோம். திரையிடப்போகும் பகுதியின் கதைச்சுருக்கத்தை ஒரு வாரம் முன்பே உங்களிடம் தமிழில் எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால், பார்த்துவிட்டு, என்னையும் அழைத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பார்க்காமல் எடுக்கும் முடிவை இனி ஏற்க இயலாது. அலமாரிச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். உள்ளே இருக்கும் புரொஜெக்டர், பிள்ளைகள் தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் விற்று வாங்கியது.

வரும் நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, எனக்கும் பெற்றோரில் இருவருக்கும் பேச வாய்ப்பளித்து, மாத இறுதிக்குள் எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபம் திறக்கும் முதல் சனிக்கிழமை அன்று, மின்கம்பியைப் பிடுங்கிய இருவரும் வந்து முன்வரிசையில் அமர வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். நின்றுபோன இடத்திலிருந்து இன்னும் சில நிமிடங்களே மிச்சம். லீக்கோ அம்பை விடும்போது அவன் மகள் ஓடிவந்து கையைத் தட்டிவிடுகிறாள். அம்பு பிக்கார்டின் தோளில் பாய்ந்து இரத்தம் வழிகிறது. நூரியா அந்த இரத்தத்தைத் தொட்டு ஊராருக்குக் காட்டுகிறாள். பிக்கார்ட் விடைபெறும்போது, கும்பிட்ட அந்த மக்கள், தங்கள் கையால் நெய்த துணி ஒன்றை ஒரு நண்பருக்குத் தருவதுபோல் அவருக்குத் தருகிறார்கள். பிறகு வரும் பகுதிகளில் அந்தத் துணி அவருடைய அறை நாற்காலியின் முதுகில் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இங்ஙனம்,
சனிக்கிழமை மாலை வட்டத்தின் பொறுப்பாளர், கோயில் உறுப்பினர்